பாட்டுதான் கடிகாரம்: முதல் பாடல் காணொளி எடுப்பவர்களுக்கு

2006-இல் யோகி பி & நட்சத்ராவின் 'வல்லவன்' வந்ததிலிருந்து, மலேசியத் தமிழ்ப் பாட்டைத் தமிழ்நாடும் திரும்பிப் பார்க்குது. இன்னைக்கு நம்ம எல்லார் கையிலும் கேமரா இருக்கு. எடுப்பது எப்படி, எதை எடுப்பது என்ற இரண்டையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. கணக்கு முதலில்
முழுப் பாட்டையும் எடுக்கப் போகாதீங்க. ஒரு நிமிடப் பகுதி போதும். ஒரு ஷாட் சராசரி 3 விநாடி என்றால் 20 ஷாட். அந்த 20-ஐயும் தாளில் எழுதி, எந்த வரிக்கு எது என்று குறிச்ச பிறகுதான் வீட்டை விட்டுக் கிளம்பணும்.

2. வெளிச்சம்
கெடாவில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை. பகல் ஒன்றேகால் வாக்கில். 11-இலிருந்து 4 வரை முகத்தில் கண்குழி கறுப்பாக விழும். மாலை ஆறரைக்கு மேல் பொன் வெளிச்சம், ஆனா அரை மணி நேரம்தான். செம்பனை நிழலில் இன்னும் சீக்கிரம் இருட்டிடும்.

மண்டபத்தில் டியூப் லைட் கீழே எடுத்தால் படத்தில் கோடு ஓடும். நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; விளக்கு விநாடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைங்க, கோடு அடங்கிடும்.

3. உதடும் பாட்டும்
படப்பிடிப்பில் பாட்டை ஒலிக்கவிட்டுத்தான் பாடணும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கர் கேமரா பக்கத்திலும் பாடுபவர் 34 மீட்டர் தள்ளியும் நின்றால், அவருக்குப் பாட்டு 0.1 விநாடி தாமதம். 25 பிரேம் கணக்கில் இரண்டரை பிரேம். பார்ப்பவர் கண் அதைக் கண்டுபிடிச்சிடும். அதனால் ஸ்பீக்கர் பாடுபவர் காலடியில் இருக்கட்டும். பாட்டுக்கு முன்னால் மூன்று 'டிக்' சேர்த்துக்கோங்க. மூன்றாவதுக்கு அவர் கைதட்டட்டும். எடிட்டில் கை சேரும் பிரேமை அந்த 'டிக்' மேல் வைத்தால் பொருந்திடும்.

ஸ்லோ மோஷனில் உதடு பொருந்தணுமா? பாட்டை இரட்டை வேகத்தில் ஓட்டி, 50 பிரேமில் எடுத்து, எடிட்டில் பாதி வேகமாக்குங்க.

4. வெட்டுவது
டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே போதும். நிமிடத்துக்கு 100 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டு 0.6 விநாடி, அதாவது 15 பிரேம். தட்டில் வெட்டினால் வேகம் வரும். ஆனா எல்லாத் தட்டிலும் வெட்டினால் தலைவலிதான் வரும். முகம் பேசும் இடத்தில் கையை எடுத்திடுங்க.

5. எதை எடுப்பது?
இதுதான் முக்கியம். கையில் பாராங், பின்னால் நாலு மோட்டார்; இந்தக் காட்சி ஏற்கெனவே நிறைய வந்தாச்சு. சஞ்சய் குமார் பெருமாள் 2015-இல் எடுத்த 'ஜகாட்' படத்திலும் குண்டர் கும்பல் வருது. ஆனா தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துப் பையன் அங்கே ஏன் போறான் என்று அந்தப் படம் கேட்டது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் விருதும் வாங்கியது.

பீடோங், சுங்கை பட்டாணி, பாடாங் செராய் பக்கம் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வருது. காண்டா வாளி, மங்கு, லயத்து வாசல், பெரட்டுக்கு எழுந்த பாட்டியின் கை. இதெல்லாம் இன்னும் எத்தனை வருஷம் இருக்கும்? நீங்க எடுக்கும் மூணு விநாடிதான் சில இடங்களுக்குக் கடைசிப் படமாக இருக்கலாம். தோட்ட நிர்வாகத்திடமும் கோயில் தலைவரிடமும் முன்கூட்டியே அனுமதி கேளுங்க. பாட்டியிடமும்தான்.

பயிற்சி: இந்த வாரம் உங்க ஊரில் மறையப்போற ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்க. 20 ஷாட் எழுதி, ஒரு நிமிடம் எடுத்து, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.