நொச்சிக்குப்பம்

சென்னைக் கலங்கரை விளக்கத்திற்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்தது நொச்சிக்குப்பம். 1970-இல் குடிசை மாற்று வாரியம் தோன்றிய பின்னர், அங்கு வாழ்ந்த மீனவர்க்கு அடுக்கு வீடுகள் எழுந்தன. நாளடைவில் அவை பழுதுறவே, அவ்விடத்திலேயே புதியன கட்டப்பெற்றன.

அவ்விடத்திலேயே என்பது சிறு செய்தியன்று. விடியுமுன் படகேறுவோர்க்குக் காற்றின் போக்கும் அலையின் சீற்றமும் வாயிலிலிருந்தே புலப்படல் வேண்டும். கரைசேர்ந்த மீன் கெடுமுன் அதனை விற்கும் பெண்டிர், கரைக்கு அருகே வாழ்தல் வேண்டும்.

2000-ஆம் ஆண்டு முதல் கூவக்கரை மக்கள் பலர் நெடுந்தொலைவிலுள்ள கண்ணகி நகரில் குடியேற்றப்பட்டனர். ஆங்கு வீடு கிடைத்தது. நாள்தோறும் செய்துவந்த வேலையோ பழைய தெருவிலேயே நின்றுவிட்டது. பேருந்துக் கட்டணமே கூலியில் ஒரு பங்கை விழுங்கிற்று.

நொச்சிக்குப்பத்திலோ, சாலையோரம் மீன் விற்றவர்க்கென 2024-இல் 366 கடைகள் கொண்ட அங்காடி திறக்கப்பட்டது. அலையோசை கேட்கும் தொலைவிலேயே அஃது உளது.