நாவுக்கு முன் செவி



மாற்கு 7ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் திக்குவாயுள்ள ஒருவரைத் தனியே அழைத்துச் சென்று, முதலில் காதையும் பின்னர் நாவையும் தொடுகிறார். பேச்சுச் சிகிச்சையாளரும் பேசாத பிள்ளையின் செவிப்புலனையே முதலில் அறிய விரும்புவார்.

இதற்கான நான்காண்டுப் பட்டப்படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் உண்டு. குரல்வளை, நரம்புகள், மொழியியல் யாவும் கற்றாலும் போதாது. மூத்தோர் மேற்பார்வையில் நோயாளரிடம் பயிலவும் வேண்டும். பக்கவாதம் கண்டவர் உணவை விழுங்க உதவுவதும் இவர் பணியே. இதைப் பலர் அறியார்.

சிலாபம் முதல் கற்பிட்டி வரை நம் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழும் வெளியில் சிங்களமும் பேசுவர். மொழிக் கலப்பு நோயன்று. பேச்சுக் குறைபாடு வேறு. அதைப் பிரித்தறிய இரு மொழியும் தெரிந்தவர் வேண்டும். உயர்தரம் கற்கும் இளைஞரே, ராகமைப் படிப்பையும் எண்ணிப் பாருங்கள். தலவில அன்னம்மாளிடம் நேர்ந்துகொள்ளும் தாய்மாரே, பிள்ளையின் செவியையும் சோதிப்பியுங்கள்.