விளையாட்டு வீராங்கனைக்குப் பூப்பு தள்ளிப்போவது ஏன்?

"டாக்டர், பதினைஞ்சு முடிஞ்சிடுச்சு. இன்னும் வயசுக்கு வரலை. ஏதாவது லேகியம் கொடுங்க" என்று மகளை அழைத்து வந்தார் ஒரு தாயார். பெண் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறாள். தினம் நான்கு மணி நேரம். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் கொஞ்சம் தயிர்சாதம், ராத்திரி ஒரு சப்பாத்தி. "வெயிட் ஏறக் கூடாதுன்னு மாஸ்டர் சொல்லியிருக்கார்" என்றாள்.

நான் லேகியம் கொடுக்கவில்லை.

ஓடியாடினால் பூப்பு தள்ளிப்போகும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாதிதான் உண்மை. ஜிம்னாஸ்டிக்ஸுக்கு ஒல்லியான, சிறுகூடான பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களில் சிலர் இயல்பிலேயே தாமதமாகப் பூப்பவர்கள். மற்றபடி, குற்றவாளி உழைப்பு அல்ல, உழைப்புக்கு ஈடாகச் சாப்பிடாததுதான்.

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி இருக்கிறது. அது பிட்யூட்டரி சுரப்பிக்கு விட்டுவிட்டுச் சைகை அனுப்பும். பிட்யூட்டரி சினைப்பையைத் தூண்டும். பயிற்சிக்குச் செலவானது போக உடம்பில் மிச்சமில்லை என்றால் இந்தச் சைகை மந்தமாகிவிடும். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், மாதவிலக்கு ஒழுங்காக இருந்த இளம்பெண்களுக்கே ஐந்து நாள் சக்திப் பற்றாக்குறையில் இந்த ஓட்டம் தடுமாறியது. வளரும் பிள்ளைக்குக் கேட்கவே வேண்டாம்.

எங்கள் சித்த மருத்துவத்தில் உடற்கட்டுகள் ஏழு: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை, கடைசியாகச் சுரோணிதம். ஒன்று நிரம்பித்தான் அடுத்ததற்குப் போகும். மேலே வரும்போதே வற்றிவிட்டால் கடைசிக்கு என்ன மிஞ்சும்?

"வந்தா தொல்லைதானே, லேட்டாகட்டுமே" என்கிற அம்மாக்களும் உண்டு. அப்படி விடாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு கெட்டிப்படாது. எலும்பு வலுச் சேர்க்கிற முக்கியமான காலம் இந்த வயதுதான். பின்னால் முழுசாக ஈடுகட்ட முடியாது. ஓடும்போதே எலும்பில் கீறல் விழும். பையன்களும் விதிவிலக்கல்ல. எடை குறைக்கப் பட்டினி கிடக்கிற மல்யுத்தப் பையனுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்கும்.

பதிமூன்று வயதில் மார்பு வளர்ச்சியே தொடங்கவில்லை, அல்லது பதினைந்து வயதாகியும் பூப்பு இல்லை என்றால் மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு, குரோமோசோம், கர்ப்பப்பைக் குறைபாடு எதுவும் இல்லை என்று ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சொன்ன பிறகே என்னைப் போன்றவர்களிடம் வாருங்கள். விளையாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு நோயைக் கோட்டை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்குப் பரிசோதனைகளில் அப்படி எதுவும் இல்லை. பயிற்சி முடிந்ததும் பாலும் வாழைப்பழமும், பையில் கடலை உருண்டை, மதியம் பருப்பும் முட்டையும் சேர்த்து வயிறார சாதம், வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெய் ஊற்றிய உளுந்தங்களி, ஒரு நாள் முழு ஓய்வு. இவ்வளவுதான் எழுதிக் கொடுத்தேன். பயிற்சியை நிறுத்தச் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்து அந்த அம்மா போன் செய்தார். விஷயம் நல்லபடி முடிந்ததாம். ஆனால், மூன்று கிலோ ஏறிவிட்டதே, மாஸ்டர் என்ன சொல்வாரோ என்று பெண் அழுகிறாளாம். மாஸ்டரை ஒரு நாள் கிளினிக்குக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.