கோல் கணக்கும் காலிறுதிக் கதவும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

முன்னுரை

வயலுக்கு வரப்பு எப்படியோ, வளைகோல் பந்தாட்டமாகிய ஹாக்கியில் ஓர் அணிக்குத் தற்காப்பு அப்படி. வரப்பு உறுதியாக இருக்கும்வரை அதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை; எல்லாருடைய கண்ணும் பயிர்மேல்தான் இருக்கும். வரப்பு உடைந்து தண்ணீர் ஓடிய பிறகுதான் மண்வெட்டியைத் தேடுவோம். கோல் போட்டவரின் பெயர் மறுநாள் செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வரும். கோல் விழாமல் காத்தவரின் பெயரோ, கோல் விழுந்த அன்றுதான் பேசப்படும்.

டோக்கியோ ஒலிம்பிக் போட்டி 2021ஆம் ஆண்டு சூலை, ஆகஸ்டு மாதங்களில் நடைபெற்றது. அதில் நம் இந்திய மகளிர் ஹாக்கி அணி தற்காப்பில் தடுமாறியதையும், அத்தடுமாற்றம் காலிறுதி வாய்ப்பை எந்த அளவுக்கு அசைத்துப் பார்த்தது என்பதையும் எளிய கணக்கின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கூட்டலும் கழித்தலும் அறிந்தவர் எவரும் இக்கணக்கைப் பின்தொடரலாம்.

ஆட்டத்தின் அமைப்பு

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். ஒரு பக்கத்துக்குப் பதினொருவர். பதினைந்து நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகள். கோல் கம்பங்களுக்கிடையே அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். கோலுக்கு முன்னால் 'டி' வடிவில் வரையப்பட்ட வளைவுக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல் செல்லும். எனவே தற்காப்பு ஆட்டக்காரர்களின் முதல் வேலை, எதிரணியை அந்த வளைவுக்குள் நுழைய விடாமல் தடுப்பதே.

அவ்வளவோடு வேலை முடிந்துவிடுவதில்லை. வளைவுக்குள் தடுக்கும்போது பந்து காலில் பட்டுவிட்டால்கூட நடுவர் எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கொடுத்துவிடுவார். அப்போது கோல் காப்பாளரையும் சேர்த்து ஐவர் மட்டுமே கோல் கோட்டின் பின்னால் நிற்கலாம். மற்ற அறுவரும் நடுக்கோட்டுக்கு அப்பால் சென்றுவிட வேண்டும். பந்து உள்ளே தள்ளப்பட்ட நொடியில் அந்த ஐவரில் ஒருவர் அடிப்பவரை நோக்கி நேராக ஓடுவார். பந்து முழங்காலில் படும், முகத்திலும் படலாம். அது தெரிந்தேதான் ஓடுகிறார். இத்துணிவுக்குப் புள்ளிப் பட்டியலில் தனி இடம் கிடையாது.

முதல் மூன்று ஆட்டங்கள்

டோக்கியோவில் பன்னிரண்டு மகளிர் அணிகள் இரு பிரிவுகளாக ஆடின. ஒவ்வொரு பிரிவிலும் ஆறு அணிகள்; முதல் நான்கு இடம் பெறுவோருக்குக் காலிறுதி. வென்றால் மூன்று புள்ளி, சமமானால் ஒன்று, தோற்றால் ஒன்றுமில்லை. இந்தியா இருந்த பிரிவில் நெதர்லாந்து, ஜெர்மனி, கிரேட் பிரிட்டன், அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகியவை இருந்தன.

சூலை 24இல் நெதர்லாந்திடம் 1-5, சூலை 26இல் ஜெர்மனியிடம் 0-2, சூலை 28இல் கிரேட் பிரிட்டனிடம் 1-4 என்று இந்தியா வரிசையாகத் தோற்றது. மூன்று ஆட்டங்களில் போட்டது 2 கோல். வாங்கியது 11 கோல். கோல் வேறுபாடு கழித்தல் 9. புள்ளி பூச்சியம்.

இந்தப் பதினொரு கோல்களும் எப்போது விழுந்தன என்று பார்ப்பது பயனுடையது. நெதர்லாந்துடன் இடைவேளைவரை ஆட்டம் 1-1 என்று சமமாகவே இருந்தது. அதன்பின் 33, 43, 45ஆம் நிமிடங்களில் மூன்று கோல்கள் விழுந்தன. ஜெர்மனியின் இரண்டாம் கோல் 35ஆம் நிமிடம். கிரேட் பிரிட்டனின் மூன்றாம் கோல் 41ஆம் நிமிடம். ஆக, பதினொன்றில் ஐந்து கோல்கள் மூன்றாம் கால்பகுதியில் மட்டுமே வந்தவை. இடைவேளை முடிந்து திரும்பும் அந்தப் பதினைந்து நிமிடம் நம் அணிக்குக் கண்டமாகவே அமைந்துவிட்டது.

இதற்கு எந்த ஒருவரையும் குற்றம் கூறுவது சரியாகாது. வலிமை மிக்க அணிகள் இடைவேளையில் எதிரணியின் ஓட்டைகளை எண்ணிப் பார்த்துத் திரும்பிவந்து வேகத்தைக் கூட்டுகின்றன. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க நடுக்கள ஆட்டக்காரர்கள் பின்வாங்கி உதவாவிட்டால், பின்னால் நிற்கும் நால்வரும் கோல் காப்பாளரும் மட்டும் என்ன செய்ய முடியும்? வரப்பின் ஓரிடத்தில் கசிவு ஏற்பட்டால் முழு நீரும் அங்கேதான் திரும்பும்.

2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் இதே இந்திய அணி ஐந்து ஆட்டங்களில் 19 கோல்கள் வாங்கி, பன்னிரண்டாவது இடத்தில், அதாவது கடைசியில் நின்றது. எனவே மூன்றாம் தோல்வியோடு பலர் டோக்கியோவையும் ரியோவின் கணக்கிலேயே எழுதி மூடிவிட்டனர். ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை.

வாய்ப்புக் கணக்கு

மூன்று ஆட்டங்கள் முடிந்த நிலையில் நான்காம் இடத்துக்கான போட்டியில் நமக்கு முன்னால் நின்றது அயர்லாந்து. அது தென்னாப்பிரிக்காவை 2-0 என வென்று, நெதர்லாந்திடம் 0-4, ஜெர்மனியிடம் 2-4 எனத் தோற்றிருந்தது. மூன்று புள்ளி, கோல் வேறுபாடு கழித்தல் 4.

இரு அணிகள் ஒரே புள்ளியில் நின்றால் முதலில் வெற்றிகளின் எண்ணிக்கை பார்க்கப்படும். அதுவும் சமமானால் கோல் வேறுபாடு. அதுவும் சமமானால் போட்ட கோல்களின் எண்ணிக்கை. இந்த வரிசையை மனத்தில் கொண்டு மேலே செல்வோம்.

சூலை 30இல் இந்தியாவும் அயர்லாந்தும் மோதின. நமக்குப் பெனால்டி கார்னர்கள் பல கிடைத்தும் ஒன்றும் கோலாகவில்லை. ஆட்டம் முடிய மூன்று நிமிடமே இருந்தபோது, 57ஆம் நிமிடத்தில் நவ்நீத் கௌர் கோல் போட்டார். 1-0. அந்த ஒலிம்பிக்கில் நம் அணி ஒரு கோலும் வாங்காமல் முடித்த முதல் ஆட்டமும் இதுவே.

அந்த ஒரு கோலின் மதிப்பு என்ன? அது விழாமல் ஆட்டம் 0-0 என முடிந்து, மற்ற ஆட்டங்களெல்லாம் நடந்தபடியே நடந்திருந்தால் என்று வைத்துக்கொள்வோம். இந்தியா, அயர்லாந்து இரண்டும் நான்கு புள்ளிகளில், ஆளுக்கொரு வெற்றியோடு நின்றிருக்கும். கோல் வேறுபாட்டில் இந்தியா கழித்தல் 8. அயர்லாந்து கழித்தல் 6. அயர்லாந்து உள்ளே, இந்தியா வெளியே. முதல் மூன்று ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் அங்கே கடன் பத்திரம்போல் காத்திருந்தன என்பது இதனால் விளங்கும்.

மறுநாள் சூலை 31இல் தென்னாப்பிரிக்காவுடன் ஆட்டம். இந்தியா மூன்று முறை முன்னிலை பெற்றது. மூன்று முறையும் தென்னாப்பிரிக்கா சமன் செய்தது. தற்காப்பு மீண்டும் ஆட்டம் கண்டது. இறுதியில் 49ஆம் நிமிடத்தில் வந்தனா கட்டாரியா தம் மூன்றாவது கோலைப் போட்டு 4-3 என வெற்றி தேடித் தந்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் இந்தியப் பெண்மணி இவரே. சில மாதங்களுக்கு முன்புதான் அவர் தம் தந்தையை இழந்திருந்தார்.

இப்போது இந்தியாவின் நிலை: ஐந்து ஆட்டங்கள், இரு வெற்றிகள், ஆறு புள்ளி. போட்டது 7 கோல், வாங்கியது 14 கோல், வேறுபாடு கழித்தல் 7. அயர்லாந்துக்கு மூன்று புள்ளி. வேறுபாடு கழித்தல் 5. கிரேட் பிரிட்டனுடன் ஓர் ஆட்டம் பாக்கி. அன்று மாலை நடந்த அந்த ஆட்டத்தில் நம் அணிக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருப்பதைத் தவிர.

அயர்லாந்து தோற்றாலும் சமன் செய்தாலும் இந்தியா உள்ளே. அயர்லாந்து வென்றால்? ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றால்கூட ஆறு புள்ளி, இரு வெற்றி என்று நமக்குச் சமமாகிவிடும். அப்போது அதன் கோல் வேறுபாடு கழித்தல் 4. நமதோ கழித்தல் 7. கதவு சாத்தப்பட்டுவிடும்.

இங்கேதான் தற்காப்பின் விலை வெளிப்படுகிறது. நாம் மூன்றே மூன்று கோல்கள் குறைவாக வாங்கியிருந்தால் நமது வேறுபாடும் கழித்தல் 4 ஆகியிருக்கும். அயர்லாந்து 1-0 என வென்றிருந்தாலும், போட்ட கோல்களில் நமக்கு 7, அவர்களுக்கு 5 என்று நாமே முந்தியிருப்போம். நெதர்லாந்துடன் மூன்றாம் கால்பகுதியில் மட்டும் விழுந்த கோல்கள் எத்தனை? சரியாக மூன்று! தோற்றுப்போன ஆட்டத்தில் விழுந்த கோல்தானே என்று அன்று யாரும் அவற்றைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். ஒரு வாரம் கழித்து அவை மாலை முழுவதும் ஓர் அணியை நகம் கடிக்க வைத்தன.

கிரேட் பிரிட்டன் 2-0 என வென்றது. இந்தியா நான்காம் இடம் பெற்றுக் காலிறுதிக்குள் நுழைந்தது.

தோல்வியிலும் கணக்கு உண்டு

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மதிப்பெண் பட்டியலை வீட்டில் நீட்டினால் "பாஸா, பெயிலா?" என்ற ஒரே கேள்விதான் வரும். அவர்கள்மேல் தவறில்லை, அந்தத் தாளில் வேறென்ன இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல யாரும் இருந்ததில்லை. பாஸ் என்ற சொல்லுக்குள்ளும் நாற்பது உண்டு, எழுபது உண்டு. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளில் அந்த வித்தியாசம் எழுந்து நின்று பேசும் என்பதை நாங்கள் இங்கு வந்துதான் கற்றுக்கொள்கிறோம். ஹாக்கிப் புள்ளிப் பட்டியலும் இதையே சொல்கிறது. 1-5 என்பதும் 1-2 என்பதும் தோல்விகளே. ஆனால் அவை ஒன்றல்ல. "இந்தப் பாடம் எப்படியும் போய்விட்டது" என்று விடைத்தாளைப் பாதியில் மடித்துக் கொடுத்துவிட்டு எழும் தோழர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

காலிறுதியில் கண்ட தற்காப்பு

ஆகஸ்டு 2இல் எதிரே நின்றது ஆஸ்திரேலியா. தன் பிரிவில் ஐந்து ஆட்டங்களையும் வென்று, 13 கோல்கள் போட்டு, ஒரே ஒரு கோல் மட்டும் வாங்கியிருந்த அணி. 14 கோல் வாங்கிய அணிக்கும் ஒரு கோல் வாங்கிய அணிக்கும் ஆட்டம் என்றால் முடிவை யாரும் முன்கூட்டியே சொல்லிவிடுவர்.

22ஆம் நிமிடத்தில் ஒரு பெனால்டி கார்னரைக் குர்ஜித் கௌர் கோலாக்கினார். அதன்பின் முப்பத்தெட்டு நிமிடம் ஆஸ்திரேலியா அலை அலையாக வந்தது. பெனால்டி கார்னர்கள் அடுத்தடுத்துக் கிடைத்தன. தீப் கிரேஸ் எக்கா, உதிதா, நிக்கி பிரதான், குர்ஜித் ஆகியோர் பின்னால் நிற்க, முன்கள ஆட்டக்காரர்களும் பந்துக்குப் பின்னால் ஓடிவந்து நின்றனர். கடைசியில் கோல் காப்பாளர் சவிதா புனியா சுவராக நின்றார். கண்டமாக இருந்த மூன்றாம் கால்பகுதியும் கோல் விழாமல் கழிந்தது. 1-0! இந்திய மகளிர் ஒலிம்பிக் அரையிறுதிக்குச் சென்றது அதுவே முதன்முறை.

அந்த அணியில் யார் யார் இருந்தனர் என்பதையும் நாம் அறிய வேண்டும். தலைவி ராணி ராம்பாலின் தந்தை ஹரியானாவில் வண்டி இழுத்துப் பிழைத்தவர். நிக்கி பிரதானும் சலிமா டேட்டேவும் ஜார்க்கண்ட் மாநிலப் பழங்குடிச் சிற்றூர்களிலிருந்தும், எக்கா ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்திலிருந்தும் வந்தவர்கள். பின்னால் தாங்கிப் பிடிக்க ஆளில்லாத வீடுகளிலிருந்து வந்தவர்கள், ஓர் அணியின் பின்களத்தைத் தாங்கி நின்றனர்.

குறைகளும் படிப்பினையும்

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. அரையிறுதியில் அர்ஜெண்டினாவிடம் 1-2 எனத் தோற்றோம். வெற்றி கோல் 36ஆம் நிமிடத்தில் விழுந்தது. வெண்கலப் போட்டியில் கிரேட் பிரிட்டனிடம் 0-2 எனப் பின்தங்கி, 3-2 என முந்தி, 3-4 எனத் தோற்றோம். அங்கே சமன் செய்த கோல் 35ஆம் நிமிடம். இரண்டும் அதே மூன்றாம் கால்பகுதி! பதக்கம் கைக்கு எட்டாமல் போனதற்கு அந்தப் பழைய கசிவும் ஒரு காரணம் எனலாம்.

மறுபக்கமும் உண்டு. 2024 சனவரியில் ராஞ்சியில் நடந்த பாரீஸ் ஒலிம்பிக் தகுதிப் போட்டியில், ஜப்பானிடம் இந்தியா வாங்கியது ஒரே கோல்தான். ஆனால் ஒரு கோலும் போட இயலாமல் 0-1 எனத் தோற்று, பாரீஸ் வாய்ப்பை இழந்தது. வரப்பு மட்டும் இருந்து விதைப்பு இல்லாவிட்டால் வயல் தரிசுதான். சவிதா புனியா உலகின் சிறந்த கோல் காப்பாளர் விருதைத் தொடர்ந்து மூன்று முறை பெற்றிருந்தும், அணி ஒலிம்பிக்குக்குச் செல்ல முடியவில்லை என்பது இதற்குச் சான்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, தற்காப்பு என்பது பின்னால் நிற்கும் நால்வரின் வேலை மட்டுமன்று, பதினொருவரின் கடமை. இரண்டு, தோற்கும் ஆட்டத்திலும் தடுக்கப்படும் ஒவ்வொரு கோலும் சேமிப்பே. மூன்று, பூச்சியப் புள்ளியில் நிற்கும் அணிக்கும், இன்னும் ஆட வேண்டிய ஆட்டம் ஒன்று இருக்கும்வரை கணக்கு உயிரோடிருக்கிறது.

நம் கல்லூரி மைதானத்தில் மாலை வேளைகளில் மட்டையோடு ஓடும் தோழியரும் தோழரும் அடுத்த முறை ஆடும்போது, 0-3 எனப் பின்தங்கியிருந்தாலும், நான்காவது கோலைத் தடுக்க முழு மூச்சோடு ஓடுங்கள். அந்த ஓட்டத்துக்குக் கைதட்ட அன்று ஆளிருக்காது. ஆனால் பட்டியல் போடும் நாளில் அது எண்ணிக்கையில் வரும்.