முதலீட்டு வங்கியில் கவுண்டர் இல்லை!



சென்னையில் ஒரு முதலீட்டு வங்கி நடத்திய ஒருநாள் அறிமுகப் பயிற்சிக்கு நம் பள்ளியிலிருந்து ஐந்து பேர் போனோம். அங்கே தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

அந்த வங்கியில் பணம் கட்டக் கவுண்டரே கிடையாது. பாஸ்புக்கும் இல்லை. ஒரு கம்பெனிக்குப் பெரிய தொகை வேண்டுமென்றால், அதன் பங்குகளை மக்களிடம் விற்றுத் தருவதுதான் இவர்களின் முக்கிய வேலை. முதலில் கம்பெனியின் முழு விவரத்தையும் ஒரு தடித்த புத்தகமாக எழுதி, சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் கொடுக்க வேண்டும். அதில் என்னென்ன ஆபத்து என்றே பக்கம் பக்கமாக இருக்கிறது. "இதை முதல்ல படிங்க, விளம்பரத்தை அப்புறம் பாருங்க" என்றார் அங்கிருந்த அக்கா.

பிறகு ஒரு கணக்கு கொடுத்தார். 2022 மே மாதம் எல்.ஐ.சி. பங்கு ரூ.949-க்கு விற்கப்பட்டது. பாலிசிதாரருக்கு ரூ.60 தள்ளுபடி. குறைந்தது 15 பங்கு வாங்க வேண்டும். ஆக ரூ.13,335. மே 17-ல் மும்பை பங்குச் சந்தையில் ரூ.867.20-க்குத் தொடங்கியது. 15 பங்கின் மதிப்பு ரூ.13,008. தொடங்கும்போதே ரூ.327 குறைவு! (நீங்களும் போட்டுப் பாருங்கள்.)

"விலை இறங்கினா உங்க கட்டணத்தைத் திருப்பித் தருவீங்களா அக்கா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "இல்லைம்மா, நஷ்டம் வாங்கினவங்களுக்குத்தான்" என்றார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

நம் ஊர் வங்கியில் போட்ட பணத்துக்கு, வங்கியே திவாலானாலும், ரூ.5 லட்சம் வரை காப்பீடு உண்டு. பங்கு விலை இறங்கினால் அப்படி எதுவும் கிடையாது. அம்மாவின் மகளிர் குழுவில் இப்போது 'ஷேர் வாங்கலாமா' என்று பேச்சு நடக்கிறது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, கூட்டத்துக்குப் போகும்போது அம்மாவிடம் கொடுத்தனுப்பினேன்.

– 9-ஆம் வகுப்பு மாணவி