200 பார் அழுத்தத்தில் ஏழு நாட்கள்



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "ஏர் கம்ப்ரஸர்களும் அவற்றின் பயன்களும்" என்று ஏதாவது எழுதித் தருகிறேன் என்றேன். "அதைத்தான் ரெக்கார்டு நோட்டுல எழுதித் தொலைக்கிறோமே, நீ மாலத்தீவு போயிட்டு வந்தியே, அதை எழுதுடா" என்று விரட்டினார்கள். எழுத உட்கார்ந்தால் இதுவும் கம்ப்ரஸர் கட்டுரையாகத்தான் வருகிறது. மெக்கானிக்கல் மாணவனுக்கு வேறென்ன வரும்? பொறுத்தருள்க.

என் தாய்மாமா தூத்துக்குடிக்காரர். அங்கிருந்து மாலேக்குக் காய்கறியும் கட்டடச் சாமானும் ஏற்றிப் போகும் தோணியில் முதலில் வேலை பார்த்தார். இப்போது மாலத்தீவில் ஒரு சஃபாரி போட்டில் எஞ்சின் டிரைவர். சஃபாரி போட் என்றால் புலி பார்க்கப் போவது அல்ல. சுமார் 30 மீட்டர் நீளமுள்ள படகு. விருந்தினர்கள் ஒரு வாரம் அதிலேயே தூங்கி, அதிலேயே சாப்பிட்டு, தினம் மூன்று தடவை முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவார்கள். சென்ற டிசம்பர் செமஸ்டர் விடுமுறையில், "கூடமாட நின்னு எஞ்சினைப் பாரு, புத்தகத்துல இல்லாததெல்லாம் தெரியும்" என்று மாமா கூப்பிட்டார். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினேன். ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை, கீழே நீலக் கடலில் பச்சை வளையல்களைக் கொட்டிக் கவிழ்த்ததுபோல் தெரிந்தது.

அந்த வளையல்தான் அடோல். இந்தச் சொல்லே மாலத்தீவுக்காரர்களின் திவேஹி மொழியிலிருந்து உலகத்துக்குப் போனது. அங்கே 26 இயற்கை அடோல்களும் ஏறத்தாழ 1,200 தீவுகளும் உண்டு. நடுக்கடலில் பவளம் ஏன் வட்டமாக வளர வேண்டும்? 1842-ல் டார்வின் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். எரிமலைத் தீவைச் சுற்றிக் கரையோரமாகப் பவளம் வளருகிறது; தீவு கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்கிறது; பவளத்துக்கு வெயில் வேண்டும் என்பதால் அது மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போகிறது; கடைசியில் தீவு மறைந்து வளையம் மட்டும் மிஞ்சுகிறது. 1952-ல் பசிபிக் கடலில் எனிவெடோக் அடோலில் துளை போட்டார்கள். 1,200 மீட்டருக்கும் அதிகமான சுண்ணாம்புக்குக் கீழே எரிமலைப் பாறை கிடைத்தது. டார்வின் சொன்னது அங்கே சரியாக இருந்தது.

இந்த வளையம் முழுசாக மூடியிருக்காது. இடையிடையே வாய்க்கால்கள் உண்டு. திவேஹியில் 'கந்து' என்பார்கள். கடலின் நீரோட்டம் அந்த வாய் வழியாகத்தான் அடோலுக்குள் போகவும் வரவும் முடியும். பைப்பின் விட்டம் குறைந்தால் வேகம் கூடும் என்று ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்தோமே, அதேதான். அந்த வேகத்தில் இரை வருவதால் கந்துவின் வாயில் சுறாக்கள் காத்து நிற்கும். அடோலுக்குள்ளே நீருக்கடியில் நிற்கும் பவளக் குன்று 'திலா'. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று, அவர்கள் பாஷையில் 'இருவை'. அப்போது ஓட்டம் கிழக்கிலிருந்து வருவதால் கிழக்குப் பக்கத்துக் கந்துகளில் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும். எங்கள் வழியும் அப்படித்தான் போட்டிருந்தார்கள்: மாலேயிலிருந்து தெற்கே வாவு அடோல், அங்கிருந்து மேற்கே அரி அடோல், பிறகு மாலே.

விருந்தினர் 14 பேர், வழிகாட்டிகள் இரண்டு பேர். பெரிய படகுக்குப் பின்னால் 'தோனி' என்ற சின்னப் படகு வரும். (நம் தோணியின் பெயரேதான், உச்சரிப்பில்தான் கொஞ்சம் வித்தியாசம்.) சிலிண்டர்கள், கம்ப்ரஸர் எல்லாம் அதில்தான். சத்தமும் புகையும் விருந்தினர் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக. என் இடமும் அங்கேதான். காலையில் ரொட்டியும் 'மாஸ் ஹுனி'யும் வந்துவிடும். சூரை மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் பிசைந்தது. நம் ஊர் மாசிக்கருவாட்டுச் சம்பலுக்குச் சொந்தக்காரன். அதைப் பற்றி எழுதினால் கட்டுரை சமையல் பக்கத்துக்குப் போய்விடும், விடுகிறேன்.

இனி பாடம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கூடும். மேலே 1 பார், 10 மீட்டரில் 2, 30 மீட்டரில் 4. நுரையீரல் அந்த அழுத்தத்தில் மூச்சிழுக்க வேண்டுமானால் காற்றும் அதே அழுத்தத்தில் வாய்க்கு வர வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் ரெகுலேட்டர். 1943-ல் கூஸ்தோவும் காக்னானும் பிரான்சில் செய்து காட்டியது இதைத்தான். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுக்கிறவன் 30 மீட்டரில் 80 லிட்டர் காலி செய்கிறான். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,400 லிட்டர் காற்று. 50 பார் எப்போதும் மிச்சம் வைத்துத்தான் மேலே வர வேண்டும். மீதி 1,800-ஐ 80-ஆல் வகுங்கள். 22 நிமிடம் கொஞ்சம். அவ்வளவுதான் ஆயுள்! உண்மையில் யாரும் முழு நேரமும் 30-ல் நிற்பதில்லை, மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டே இருப்பார்கள், அதனால் ஒரு மணி நேரம் வரை ஓடும். மாலத்தீவுச் சட்டப்படி பொழுதுபோக்கு டைவிங்குக்கு 30 மீட்டர்தான் எல்லை.

மேலே வருவதில்தான் ஆபத்து. 10 மீட்டரில் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், பாயில் விதிப்படி அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் இரண்டு மடங்கு விரியாது, கிழியும். ஆகவே ஸ்கூபாவின் முதல் விதி: மூச்சை அடக்காதே. அடுத்தது நைட்ரஜன். அழுத்தத்தில் அது ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால் கோலி சோடாவை உடைத்த மாதிரி குமிழி கிளம்பும். மூட்டுவலியிலிருந்து பக்கவாதம் வரை வரலாம். இதைத் தடுக்க 1908-ல் ஹால்டேன் என்பவர் முதல் அட்டவணை போட்டார். இன்று கைக்கடிகாரம் போன்ற டைவ் கம்ப்யூட்டர் அந்தக் கணக்கை நொடிக்கு நொடி போடுகிறது. எல்லாரும் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டுத்தான் தலையை வெளியே நீட்டுவார்கள். ஒரு வாரம் தினம் மூன்று முறை என்றால் கரைந்த நைட்ரஜன் முழுசாக வெளியேறுவதே இல்லை. அதனால்தான் கடைசி நாள் யாரும் இறங்கக் கூடாது. விமானம் ஏறுவதற்குமுன் ஒரு நாள் இடைவெளி விட்டார்கள்.

கம்ப்ரஸருக்கு வருவோம். நம் தெர்மல் லேபில் இருப்பது இரண்டு ஸ்டேஜ். வாத்தியார் வைவா கேட்பாரே, "ஏன் ஒரே ஸ்டேஜில் அழுத்தக் கூடாது?" என்று, நாமும் "வேலை மிச்சமாகும் சார்" என்று ஒப்பிப்போம். அந்தத் தோனியில் உட்கார்ந்து பென்சிலால் போட்டுப் பார்த்தேன். 27 டிகிரிக் காற்றை ஒரே அடியில் 200 மடங்கு அடியபேட்டிக்காக அழுத்தினால் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. சிலிண்டர் ஆயில் என்ன ஆகும்? எரியும். நான்கு ஸ்டேஜாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 3.76 மடங்குதான், இடையிடையே குளிரவைத்தால் ஒரு ஸ்டேஜிலும் 165-ஐத் தாண்டாது. மூன்றாம் செமஸ்டரில் இந்த ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணியபோது எனக்கு உறைக்கவே இல்லை. கடைசி ஸ்டேஜைத் தாண்டி ஒரு ஃபில்டர். அதில் ஈரத்தைப் பிடிக்க மாலிகுலர் சீவ், எண்ணெய் வாசனையைப் பிடிக்க ஆக்டிவேட்டட் கார்பன். கார்பன் மோனாக்ஸைடை கார்பன் டை ஆக்ஸைடாக மாற்றும் ஹாப்கலைட் என்றொரு அடுக்கும் சில ஃபில்டர்களில் உண்டு. எங்களுடையதில் இல்லை.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை. வாவு அடோலில் நங்கூரம் போட்டிருந்தோம். மறுநாள் விடியற்காலை மியாரு கந்துவில் 30 மீட்டர் டைவ். 'மியாரு' என்றால் சுறா. விருந்தினர் எல்லாரும் காத்திருந்த டைவ் அது. கம்ப்ரஸருக்குக் காற்று இழுக்கும் ஹோஸ், தோனியின் கூரைக்கு மேலே ஒரு கம்பத்தில் காற்று வரும் பக்கம் பார்த்துக் கட்டியிருக்கும். நான் ஈரத் துண்டுகளைக் காயப்போடக் கயிறு கட்டினேன். ஹோஸ் இடைஞ்சலாக இருந்தது. அவிழ்த்துப் பின்பக்கத்தில் கீழே போட்டேன். அவ்வளவுதான். பிறகு மாமா பில்ஜ் பம்ப்புக்காகத் தோனி எஞ்சினை ஓடவிட்டு, கம்ப்ரஸரையும் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். அளவுமானியைப் பார்த்து ஒவ்வொரு சிலிண்டராக மாற்றிய கை என் கைதான். 16 சிலிண்டர். எல்லாம் 200 பார். எனக்கு ஒரே பெருமை.

காலை ஆறு மணி. விருந்தினரில் ஒரு ஜெர்மன் அம்மா, அறுபது வயசுக்கு மேல் இருக்கும். தினமும் ரெகுலேட்டரை மாட்டுவதற்குமுன் வால்வை லேசாகத் திறந்து காற்றை முகர்ந்து பார்ப்பார். 'பூவா இது, மோந்து பார்க்க' என்று எனக்குள் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு முகர்ந்தவர் நிமிர்ந்து, "டீசல்" என்றார்.

வழிகாட்டி ஓடிவந்து மோனாக்ஸைடு மீட்டரை வைத்தார். 18 பிபிஎம். ஐரோப்பிய விதியில் சுவாசக் காற்றுக்கு உச்சவரம்பு 5. தோழர்களே, மேலே நின்று சுவாசித்தால் 18-க்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு; அந்த 18, மேலே 72 பிபிஎம் சுவாசிப்பதற்குச் சமம். மோனாக்ஸைடு ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும். முதலில் தலைவலி, பிறகு குழப்பம். தரையில் குழம்பினால் உட்கார்ந்துகொள்ளலாம். நீரோட்டத்தில் குழம்பினால்?

இன்னொன்றும் அப்போது புரிந்தது. மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. அந்த அம்மாவுக்குத் தெரிந்தது டீசல் புகையின் வாசனை. கார்பன் ஃபில்டர் மாற்ற வேண்டிய மணிக்கணக்கை நெருங்கியிருந்ததால் அது தப்பி வந்துவிட்டது. ஃபில்டர் புத்தம் புதுசாக இருந்திருந்தால் வாசனையைத் தடுத்துவிட்டு விஷத்தை மட்டும் உள்ளே அனுப்பியிருக்கும்.

"பைப்பைத் தொட்டது யாரு?" என்று வழிகாட்டி கேட்டார். என் நாக்கு ஒட்டிக்கொண்டது. மாமா துண்டுக் கயிற்றைப் பார்த்தார், கீழே கிடந்த ஹோஸைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "கம்ப்ரஸர் போட்டது நான். பார்க்காமப் போட்டது என் தப்பு" என்று திவேஹியில் சொல்லியிருக்கிறார். அது எனக்கு அப்போது புரியவில்லை, சமையல்காரப் பையன் பிறகு சொன்னான். அன்றைய மியாரு கந்து டைவ் ரத்து. விருந்தினர் முகங்களைப் பார்க்க முடியவில்லை. 16 வால்வையும் திறந்துவிட்டோம். காதைக் கிழிக்கும் சீறல். அந்தச் சத்தத்துக்குள் நின்றுகொண்டுதான் மாமா என்னிடம் பேசினார்: "ஏல மருமவனே, லேத்துல தப்புப் பண்ணினா ஜாப் போவும். இங்க பண்ணினா யார் போவான்?"

பிறகு நானே வழிகாட்டியிடம் போய், ஹோஸை அவிழ்த்தது நான் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் திட்டவில்லை. புது ஃபில்டரைக் கையில் கொடுத்து, "மாட்டு" என்றார். நிமிடத்துக்கு 250 லிட்டர் தள்ளும் கம்ப்ரஸர். காலிச் சிலிண்டருக்கு ஏறத்தாழ 10 நிமிடம். 16-க்கும் இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொன்றுக்கும் மீட்டர் வைத்து, எண்ணும் அளவும் நோட்டில் எழுதினேன். எல்லாமே பூஜ்யம் என்று வந்தபிறகும் திரும்ப ஒருமுறை வைத்துப் பார்த்தேன். பகல் டைவுக்கு அந்த அம்மாதான் முதலில் வந்து தன் சிலிண்டரை முகர்ந்தார். என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தவில்லை; டைவர்கள் பாஷையில் அதற்கு 'மேலே போகலாம்' என்று அர்த்தம். விரலை வட்டமாக்கிக் காட்டினார். அதுதான் 'சரி'.

மிச்ச நாட்கள் ஓடிவிட்டன. அரி அடோலின் தெற்கு விளிம்பில் திமிங்கலச் சுறா ஒன்று தோனிக்குப் பக்கத்திலேயே போனது. புள்ளி போட்ட முதுகு, நம் கல்லூரி பஸ் நீளம் இருக்கும் என்று தோன்றியது. அளந்து பார்க்கவில்லை. மாலத்தீவில் 2010-ல் சுறாப் பிடிப்பதைத் தடை செய்தார்கள். செத்த சுறாவைவிட உயிருள்ள சுறா அதிகம் சம்பாதித்துத் தருகிறது என்று மாமா கணக்குச் சொன்னார். பவளம்தான் பாவம். 1998-ல் கடல் சூடேறியதில் ஆழமில்லாத பவளத்தில் பெரும்பகுதி வெளுத்துச் செத்தது. மெல்லத் தேறி வந்தபோது 2016-ல் திரும்பவும் அதே அடி. சில திலாக்களின் தலைப்பகுதி உடைந்த ஓட்டுக் குவியல் மாதிரி இருக்கிறது என்று வழிகாட்டி சொன்னார்.

ஆறாம் நாள் மத்தியானத்தோடு விருந்தினர்களின் டைவிங் முடிந்தது. எனக்கு விமானம் அதற்கும் இரண்டு நாள் கழித்துத்தான். வழிகாட்டி என்னைக் கூப்பிட்டு, லகூனுக்குள் 5 மீட்டர் ஆழத்தில் மணல்மேல் ஒரு பாடம் எடுக்கிறேன், வருகிறாயா என்றார். சிலிண்டரை நானே எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் நிரப்பிய வரிசையில் ஏழாம் எண். மீட்டர் வைத்தேன், பூஜ்யம். வால்வைத் திறந்து முகர்ந்தேன். ஒன்றுமில்லை, கொஞ்சம் ரப்பர் வாசனை. இறங்கும்போது மூக்கைப் பிடித்து ஊதிக் காது அடைப்பை எடுத்தேன். மூச்சு விட்டால் குமிழிச் சத்தம், இழுத்தால் 'ஹிஸ்' என்று ரெகுலேட்டர் சத்தம். மீன் எதுவும் சரியாகப் பார்க்கவில்லை. முழுக்க அளவுமானியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே வந்தபோது 140 பார் மிச்சம் இருந்தது. மாமா அதையும் நோட்டில் எழுதச் சொன்னார்.