அவுட்போர்டு எஞ்சின் சூடானால் அலாரம் அடிக்கட்டும்

தண்ணீர் உறிஞ்சும் துளையை ஒரு பாலிதீன் பை அடைத்தால் போதும், சில நிமிடங்களில் பிஸ்டன் இறுகிவிடும். அலாரம் இல்லாத எஞ்சினுக்கு நீங்களே ஒன்று பொருத்தலாம்.

1. சுமார் 90 டிகிரியில் மூடிக்கொள்ளும் வெப்ப சுவிட்ச் வாங்குங்கள். நுனியை மட்டும் கொதிநீரில் தொட்டுச் சோதியுங்கள். கடையில் புதிதாக வாங்கியதிலும் பழுது இருக்கலாம்.

2. சிலிண்டர் ஹெட்டில், மேல் ஸ்பார்க் பிளக் அருகே பொருத்துங்கள். பெயின்ட்டையும் உப்புப் படிவையும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டுங்கள். இடையில் காகித அளவு இடைவெளி இருந்தாலும் சூடு தாமதமாகத்தான் ஏறும். அதற்குள் எஞ்சின் போய்விடும்.

3. பாட்டரி பிளஸ், ஃபியூஸ், சாவி, 12 வோல்ட் பஸ்ஸர், சுவிட்ச் என்ற வரிசையில் ஒயரை இணையுங்கள். பாட்டரி மைனஸை எஞ்சின் உடலோடு இணையுங்கள். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் எஞ்சினுக்குத் தனியாகச் சின்ன பாட்டரி போதும்.

4. ஈயம் பூசிய செம்பு ஒயரையே போடுங்கள். சாதா ஒயர் உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும்.

5. கடலுக்குப் போகுமுன் சாவியைப் போட்டு, சுவிட்சிலிருந்து கழற்றிய ஒயரை எஞ்சின் உடலில் தொடுங்கள். சத்தம் வந்தால் இணைப்பு சரி. ஒயரை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள்.

6. ஓட்டத்தில் அலாரம் அடித்தால் உடனே வேகத்தைக் குறையுங்கள். பக்கவாட்டில் தண்ணீர் பீச்சவில்லை என்றால் எஞ்சினை அணைத்துத் தூக்கி, துளையில் பையோ வலைத்துண்டோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். துளை சுத்தமாக இருந்தால் பம்ப் இம்பெல்லரைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதை மாற்றாமல் எஞ்சினை ஓட்டாதீர்கள்.